பக்கத்துச் செயலியின் கர்சரைத் திறந்தே வைத்திருந்தோம்

"பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், செயலி தானாக மூடிக்கொள்கிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை." இப்படி ஒரு புகார் வந்தது. அந்த வாரத்திலேயே இன்னும் சிலர் அதையே வேறு சொற்களில் எழுதினார்கள். கிராஷ் அறிக்கைகளைச் சேகரிக்கும் கருவியைத் திறந்து பார்த்தேன். அந்த நாள்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. செயலி விழுந்திருந்தால் எங்கே விழுந்தது என்பதற்கு ஒரு தடயமாவது இருக்க வேண்டும். விழவே இல்லை என்றால், இத்தனை பேர் எதைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள்?

எங்களிடம் இரண்டு ஆண்ட்ராய்டு செயலிகள் இருந்தன. இயந்திரங்களைப் பார்வையிடும் பணியாளர்கள் அளவீடுகளையும் படங்களையும் குறிப்புகளையும் முதல் செயலியில் பதிவு செய்வார்கள். அதே கைபேசியில் இருக்கும் இரண்டாவது செயலி அந்தப் பதிவுகளை வாங்கிச் சரிபார்ப்பதற்கு ஏற்ற வடிவில் காட்டும். தரவுத்தளம் முதல் செயலிக்குச் சொந்தம். அதைப் பராமரித்தது ஒரு குழு, காட்டும் செயலியைப் பராமரித்தது எங்கள் குழு. இடையில் இருந்தது ஒரு கன்டென்ட் புரொவைடர். ஒரு செயலி தன் தரவை மற்றொன்றுக்குத் திறந்துவிடுவதற்காக ஆண்ட்ராய்டு தொடக்கத்திலிருந்தே வைத்திருக்கும் வழி அது. நாங்கள் வினவலை அனுப்புவோம், அங்கிருந்து ஒரு கர்சர் (விடையின் வரிசைகளை ஒவ்வொன்றாகப் படிக்க உதவும் சுட்டி) வரும், அதை அப்படியே பட்டியல் திரையோடு இணைத்துவிடுவோம். பயனர் உருட்ட உருட்ட, கர்சர் அடுத்தடுத்த வரிசைக்கு நகரும். அந்தத் திரை மூடும்போதுதான் கர்சரும் மூடும்.

காரணம் தற்செயலாகத்தான் சிக்கியது. கைபேசியைக் கேபிளில் இணைத்து, பட்டியலைத் திறந்து வைத்துவிட்டு, கணினித் திரையில் லாக் (நடப்பவற்றை இயங்குதளம் எழுதி வைக்கும் குறிப்பு) வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவுச் செயலியைப் பராமரிக்கும் நண்பர் தன் வேலைக்காக அதே கைபேசியில் அவருடைய செயலியின் புதிய பதிப்பை நிறுவினார். அந்தக் கணமே என் பட்டியல் காணாமல் போனது. லாகில் ஒரே ஒரு வரி: இறந்துகொண்டிருக்கும் பிராசஸில் (ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்கு இயங்குதளம் தரும் தனி இயக்கத்தில்) உள்ள புரொவைடரைச் சார்ந்திருப்பதால் இந்த பிராசஸ் கொல்லப்படுகிறது என்பது அதன் பொருள். என் செயலியின் பெயர், அதன் எண், எந்தப் புரொவைடர், எல்லாம் அதில் இருந்தன. என் நிரலில் பிழை வரவில்லை. இயங்குதளமே என் செயலியை நிறுத்தியிருந்தது. வெளியிலிருந்து வந்த கொலை என்பதால் செயலிக்குள் இருக்கும் கிராஷ் கருவிக்கு அது தெரிய வழியே இல்லை.

ஏன் இப்படி என்று ஆண்ட்ராய்டின் மூல நிரலைத் தேடிப் படித்தேன். வழக்கமான வினவல் அழைப்பு முதலில் உறுதியற்ற பிணைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு கேட்கிறது. அந்த நேரத்தில் எதிர்ச் செயலி இறந்தால் நமக்கு ஒன்றும் ஆகாது. மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்கும். ஆனால் கர்சர் கைக்கு வந்தவுடன் நிலைமை மாறுகிறது. அந்தக் கர்சரை ஓர் உறையில் சுற்றி, அதோடு உறுதியான பிணைப்பு ஒன்றையும் கட்டி நம்மிடம் தருகிறது. கர்சரை மூடும் வரை அந்தப் பிணைப்பு அவிழாது. உறுதியான பிணைப்பு இருக்கும்போது புரொவைடரின் பிராசஸ் இறந்தால், அதைச் சார்ந்தவரும் பாதி அறுந்த நிலையில் தொடரக் கூடாது என்று இயங்குதளம் கருதுகிறது. நம்மையும் சேர்த்து முடித்துவிடுகிறது.

இதைப் படித்த பிறகுதான் கர்சரைப் பற்றி எனக்கிருந்த எண்ணமே மாறியது. அதுவரை கர்சர் என்றால் வினவலின் விடை, என் கையில் இருக்கும் பொருள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது பக்கத்து வீட்டுக்குள் நீட்டிய கை. அந்த வீட்டுக் கதவு மூடினால் நசுங்குவது நம் கை.

நினைவகம் போதாமல் இயங்குதளமே பதிவுச் செயலியை மூடிவிடுகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டோம். அது அவ்வளவு எளிதில் நடக்காது. முன்னால் நிற்கும் செயலி ஒரு புரொவைடரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்தப் புரொவைடரின் பிராசஸுக்கும் முக்கியத்துவம் உயர்ந்துவிடும். எங்கள் விஷயத்தில் காரணங்கள் இரண்டு. ஒன்று, பதிவுச் செயலி பின்னணியில் தானாகப் புதுப்பிக்கப்படுவது. இரண்டாவது, சர்வருடன் ஒத்திசைக்கும் பகுதியில் அவர்களுக்கு இருந்த ஒரு கிராஷ். அவர்கள் விழும்போதெல்லாம் நாங்களும் விழுந்தோம். அவர்கள் பக்கம் அறிக்கை பதிவானது, எங்கள் பக்கம் பதிவாகவில்லை. இரண்டு அறிக்கைகளையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்காததால் வாரக்கணக்கில் இது மறைந்தே இருந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு செயலி தான் முன்பு எப்படி முடிந்தது என்பதை இயங்குதளத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்தக் காரணப் பட்டியலில் "சார்ந்திருந்தது இறந்தது" என்பதற்கென்றே தனி எண் இருக்கிறது. செயலி தொடங்கும்போது அதைப் படித்து உங்கள் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். அது எங்களிடம் முதலிலிருந்தே இருந்திருந்தால் முதல் நாளே விடை கிடைத்திருக்கும்.

திருத்தம் எளிமையானது என்று நினைத்தேன்: கர்சரை உடனே படித்து, தேவையான நெடுவரிசைகளை எங்கள் சொந்தப் பொருள்களாக நகலெடுத்து, மூடிவிடுவது. திரை அந்த நகலோடு மட்டும் பேசும். கூடவே, உறுதியற்ற பிணைப்பை நாமே கேட்டு வாங்கும் வழியையும் சேர்த்தோம். அப்படி வாங்கினால் படிக்கும் சில மில்லிவினாடிகளில் எதிர்ச் செயலி இறந்தாலும் நாம் உயிரோடிருப்போம். வினவல் அழைப்பு ஒரு விதிவிலக்கை, அதாவது நிரல் பிடித்துக் கையாளக்கூடிய பிழை அறிவிப்பை, எறியும். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்கலாம்.

அங்கே இன்னொரு குழி இருந்தது. படிக்கத் தொடங்கிய பிறகு, நடுவில் எதிர்ச் செயலி இறந்தால் என்ன ஆகும்? விதிவிலக்கு வரும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். வருவதில்லை. அடுத்த கட்டு வரிசைகளைக் கேட்கும்போது எதிரே யாரும் இல்லை என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, "நகர முடியவில்லை" என்று மட்டும் கர்சர் சொல்லும். "அடுத்த வரிசை இருக்கும் வரை படி" என்று எழுதிய சுழற்சிக்கு, நகர முடியவில்லை என்பதும் பட்டியல் முடிந்தது என்பதும் ஒன்றுதான். ஆயிரம் பதிவுகளில் நானூறு மட்டும் வந்திருக்கும். திரை அதை முழுப் பட்டியலாகக் காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது. செயலி மறைந்துபோவதைவிட இது ஆபத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன். மறைந்துபோனால் பயனர் புகார் செய்வார். குறைந்த பட்டியலை நம்பி அவர் முடிவெடுத்துவிடுவார். இப்போது படித்து முடித்ததும், படித்த வரிசைகளின் எண்ணிக்கையைக் கர்சர் தொடக்கத்தில் சொன்ன எண்ணிக்கையோடு ஒப்பிடுகிறோம். பொருந்தவில்லை என்றால் அந்த நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி படிக்கிறோம்.

"அடுத்த கட்டு வரிசைகள்" என்றேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த சிக்கல் அங்கிருந்துதான் வந்தது.

இரண்டு செயலிகளுக்கு இடையே பேச்சு நடப்பது ஆண்ட்ராய்டின் பைண்டர் என்ற தொடர்பு வழியாக. ஒரு பிராசஸுக்கு பைண்டர் ஒதுக்கும் இடம் சுமார் 1 எம்பி. அந்த நேரத்தில் நடக்கும் எல்லாப் பரிமாற்றங்களும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வினவலின் விடை முழுவதையும் அதில் திணிக்க முடியாது. அதனால் விடை வேறு வழியில் வருகிறது. புரொவைடர் பக்கத்தில் கர்சர் விண்டோ என்ற பகிர்வு நினைவகத் துண்டு ஒன்றை நிரப்புகிறார்கள். அதன் இயல்பான அளவு 2 எம்பி. பைண்டர் வழியாக நம்மிடம் வருவது அந்தத் துண்டுக்கான பிடி மட்டும்தான். முதல் வினவலுக்கான பதிலிலேயே நெடுவரிசைகளின் பெயர்கள், மொத்த எண்ணிக்கை, முதல் விண்டோ எல்லாம் சேர்ந்து வந்துவிடும். அந்த விண்டோவுக்குள் இருக்கும் வரிசைகளைப் படிப்பது மிக வேகம். எதிர்ச் செயலியைத் தொந்தரவு செய்யவே வேண்டியதில்லை. விண்டோவுக்கு வெளியே ஒரு வரிசையைக் கேட்டால்தான் மறுபடி பைண்டர் அழைப்பு போகும்.

அப்படிக் கேட்கும்போது எதிரே என்ன நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆண்ட்ராய்டு செயலிகளின் தரவுத்தளமான எஸ்க்யூலைட்டின் கர்சர் முந்தைய வினவலை விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை. வினவலை முதலிலிருந்து மறுபடி ஓட்டுகிறது. வேண்டிய இடம் வரும் வரை ஒவ்வொரு வரிசையாகத் தாண்டி வந்து, கேட்ட வரிசைக்குச் சற்று முன்பிருந்தே விண்டோவை நிரப்புகிறது. பட்டியலில் கீழே போகப் போக ஒவ்வொரு நிரப்பலும் முந்தையதைவிட அதிகம் தாண்ட வேண்டியிருக்கும். எங்கள் பழைய திரையில் இது நடந்தது, திரையை வரையும் வேலையும் நடக்கும் முதன்மைத் திரெட்டில். உருட்டும் விரல் திடீரென்று ஒட்டிக்கொண்டது போல் திரை நிற்கும், பிறகு குதிக்கும். நாங்கள் அதைப் படங்களின் எடை என்று நினைத்து, படங்களைச் சிறிதாக்குவதில் பல நாள்களை வீணாக்கியிருந்தோம்.

வேகக் குறைவைக்கூடப் பொறுக்கலாம். வினவல் மறுபடி ஓடுகிறது என்றால், முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஓட்டத்துக்கும் இடையில் தரவு மாறியிருக்கலாம் என்று பொருள். ஒரு மேற்பார்வையாளர் அனுப்பிய திரைப்பிடிப்பை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். ஒரே இயந்திரத்தின் ஒரே பதிவு பட்டியலில் இரண்டு இடங்களில் இருந்தது. நேரம் ஒரு நொடிகூட மாறவில்லை. தரவுத்தளத்தில் தேடினால் ஒன்றுதான் இருந்தது. நடந்தது இதுதான்: அவர் உருட்டிக்கொண்டிருந்தபோது ஒத்திசைவு ஓடிப் புதிய பதிவுகளை மேலே சேர்த்தது. எல்லா வரிசைகளும் கீழே நகர்ந்தன. அடுத்த விண்டோ நிரம்பியபோது, முந்தைய விண்டோவின் கடைசியில் இருந்த பதிவு புதிய விண்டோவில் மறுபடி வந்தது. பதிவுகள் நீக்கப்பட்டிருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: ஒரு பதிவு இரண்டு விண்டோக்களுக்கும் நடுவே விழுந்து யார் கண்ணிலும் படாமல் போய்விடும். எண்ணிக்கையோ முதல் ஓட்டத்தில் கணக்கிட்டதாகவே நிற்கும். தரவுத்தளத்தை வால் (WAL: மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையில் வைத்தாலும் இது தீராது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அது தரும் காட்சி சீராக இருக்கும், ஆனால் இரண்டு ஓட்டங்கள் இரண்டு காட்சிகள்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒரு கர்சர் ஒரு விண்டோவுக்குள் அடங்கிவிடுமாறு சிறு சிறு துண்டுகளாகக் கேட்பது. துண்டுகளை "முதல் இருநூறு, அடுத்த இருநூறு" என்று இட எண்ணால் பிரித்தால் பழைய சிக்கலே திரும்பும். அதனால் கடைசியாகப் படித்த பதிவின் நேரத்தையும் அடையாள எண்ணையும் சொல்லி, "இதற்குப் பின் வருவதில் இருநூறு" என்று கேட்கிறோம். நடுவில் எத்தனை சேர்ந்தாலும் நீங்கினாலும் நாம் நிற்கும் இடம் மாறாது. நேரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தியபோது ஒரே நேரம் கொண்ட பதிவுகள் இடம் மாறி மாறி வந்தன. அடையாள எண்ணைச் சேர்த்த பிறகுதான் அது நின்றது. தேவையான நெடுவரிசைகளை மட்டும் கேட்பதும் இங்கே பெரிதாக உதவுகிறது. எல்லாவற்றையும் கேட்டால் அறுபது வரிசைகளிலேயே விண்டோ நிரம்பியது. பட்டியலுக்குத் தேவையான ஐந்தை மட்டும் கேட்டபோது இருநூறும் தாராளமாக அடங்கின.

எத்தனை வேண்டும் என்ற வரம்பை எப்படிச் சொல்வது என்பதிலும் ஒரு பாடம். வரிசைப்படுத்தும் சொற்றொடரின் வாலில் லிமிட் என்று ஒட்டிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு, எங்களிடமும் இருந்தது. அது தற்செயலாக வேலை செய்த வழி. ஆண்ட்ராய்டு 11-இல் மீடியாஸ்டோர் (கைபேசியில் உள்ள படங்கள், காணொளிகளின் விவரங்களைத் தரும் ஆண்ட்ராய்டின் சொந்தப் புரொவைடர்), புதிய பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகளிடமிருந்து வரும் அப்படிப்பட்ட வினவலை மறுக்கத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 8 முதல் வரம்பையும் தொடக்க இடத்தையும் தனிக் கட்டளைகளாக ஒரு பண்டிலில் (பெயரும் மதிப்பும் கொண்ட தொகுப்பில்) வைத்து அனுப்ப வழி இருக்கிறது. எதிரே இருக்கும் புரொவைடர் அவற்றை மதித்ததா என்பதைக் கர்சரோடு வரும் கூடுதல் தகவலில் பார்க்கலாம். மதிக்கவில்லை என்றால் முழுப் பட்டியலும் வந்திருக்கும். அதை எதிர்பார்த்து எழுத வேண்டும்.

ஒரு வரிசையே 2 எம்பியைத் தாண்டினால்? அதுவும் நடந்தது. பதிவுச் செயலி பயனரின் கையொப்பத்தையும் இயந்திரத்தின் படத்தையும் தரவுத்தளத்துக்குள்ளேயே பைட்டுகளாக வைத்திருந்தது. நல்ல கேமரா உள்ள கைபேசியில் எடுத்த ஒரே ஒரு படம் போதும். அந்த வரிசை எந்த விண்டோவிலும் அடங்காது. படிக்கப் போனால் விதிவிலக்கு. பழைய கைபேசிகளில் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியதால் இது வெளியீட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. படங்களைக் கோப்புகளாக மாற்றச் சொல்லி மற்றக் குழுவிடம் பேசினோம். இப்போது வரிசையில் இருப்பது படத்தின் முகவரி மட்டும். படம் வேண்டும்போது அதே புரொவைடரிடம் அந்த முகவரியைக் கொடுத்தால் திறந்த கோப்புக்கான பிடி ஒன்றைத் தருகிறது. அதிலிருந்து ஓடையாகப் படித்துக்கொள்கிறோம். எத்தனை எம்பி என்றாலும் கவலை இல்லை. படித்த பட்டியல் முழுவதையும் இன்டென்டில் (ஒரு திரையைத் திறக்க அனுப்பும் செய்தியில்) வைத்து அடுத்த திரைக்கு அனுப்பிய ஒரு பகுதியும் எங்களிடம் இருந்தது. அது பைண்டரின் 1 எம்பியில் முட்டி நின்றது. அடையாள எண்ணை மட்டும் அனுப்புமாறு மாற்றினோம்.

இனிச் சொல்லப்போவது என்னை மிகவும் வருத்திய நிகழ்வு. ஒரு வெப்பநிலை அளவீடு எங்கள் திரையில் 0 என்று தெரிந்தது. பணியாளர் அன்று அந்த அளவை எடுக்கவே இல்லை. கருவி பழுதாக இருந்தது என்று குறிப்பில் எழுதியும் இருந்தார். தரவுத்தளத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கர்சரிடம் எண்ணாகக் கேட்டால், வெறுமைக்கு அது 0 என்றுதான் விடை தரும். எழுத்துகள் நிறைந்த இடத்தை எண்ணாகக் கேட்டாலும் 0. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. மேற்பார்வையாளர் 0-வை உண்மையான அளவாக எடுத்துக்கொண்டு, இயந்திரத்தை நிறுத்திச் சோதிக்கச் சொன்னார். ஒருவர் நேர்மையாக "எடுக்கவில்லை" என்று விட்ட இடத்தில் நாங்கள் ஒரு பொய் எண்ணை எழுதியிருந்தோம். அன்றிலிருந்து எந்த நெடுவரிசையையும் வெறுமையா என்று கேட்காமல் படிப்பதில்லை. வெறுமை என்றால் எங்கள் பொருளிலும் அது வெறுமையாகவே இருக்கும். திரையில் "அளவிடப்படவில்லை" என்று வரும்.

நெடுவரிசையின் பெயரை வைத்து இடத்தைத் தேடும்போதும் இதே கவனம் தேவை. பெயர் இல்லாவிட்டால் கழித்தல் 1 தரும் வழி ஒன்று, உடனே விதிவிலக்கை எறியும் வழி ஒன்று. கட்டாயம் இருக்க வேண்டிய நெடுவரிசைகளுக்கு இரண்டாவதைப் பயன்படுத்துகிறோம். புதிய பதிப்பில் சேர்ந்தவற்றுக்கு மட்டும் முதலாவது. கழித்தல் 1 வந்தால் அந்தப் பகுதியைத் திரையில் காட்டுவதில்லை. இரண்டு செயலிகளும் தனித்தனியாகப் புதுப்பிக்கப்படும் என்பதை மறக்கக் கூடாது. பழைய பதிவுச் செயலியும் புதிய காட்டும் செயலியும் ஒரே கைபேசியில் பல மாதங்கள் சேர்ந்து வாழும். நெடுவரிசைகளின் வரிசை எண்ணை நிரலில் நேரடியாக எழுதிவிட்டால், நடுவில் ஒன்று சேர்ந்த நாளில் குறிப்பு இருந்த இடத்தில் தேதி வந்து நிற்கும்.

அலகுகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீடியாஸ்டோரிலேயே ஒரு கோப்பு சேர்க்கப்பட்ட நேரம் நொடிகளிலும், படம் எடுக்கப்பட்ட நேரம் மில்லிநொடிகளிலும் இருக்கின்றன. ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த நெடுவரிசைகளுக்கே இப்படி என்றால், இரண்டு குழுக்கள் எழுதும் அட்டவணையில் என்னவெல்லாம் நடக்கும்! நாங்கள் நெடுவரிசைப் பெயர்கள், வகைகள், அலகுகள், வெறுமையாக இருக்கலாமா என்பது எல்லாவற்றையும் ஒரு சிறு பொது நூலகத்தில் எழுதி இரண்டு செயலிகளிலும் சேர்த்தோம். அதை மாற்ற வேண்டுமானால் இரண்டு குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கர்சரே வராமல் போவது தனிக் கதை. வினவலின் விடை வரிசைகளே இல்லாத காலிக் கர்சராக வருவது வேறு. கர்சரே இல்லாமல் வெறுமை வருவது வேறு. முன்னதில் பதிவுகள் இல்லை. பின்னதில் கேட்கவே முடியவில்லை. பழைய நிரல் இரண்டுக்கும் "பதிவுகள் எதுவும் இல்லை" என்று காட்டியது. ஆண்ட்ராய்டு 11-க்கு இலக்கை உயர்த்தியபோது இது எங்களைப் பிடித்தது. அந்தப் பதிப்பிலிருந்து ஒரு செயலி மற்றச் செயலிகளை இயல்பாகப் பார்க்க முடியாது. யாரிடம் பேசப் போகிறோம் என்பதை, செயலி தன்னைப் பற்றி அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பின் குவெரீஸ் பகுதியில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் புரொவைடரே இல்லாதது போல் வினவல் வெறுமையைத் தரும். எங்கள் சோதனைக் கைபேசிகளில் பட்டியல் காலியாக இருந்தது. சோதித்தவர் "இன்று பதிவுகள் இல்லை போலிருக்கிறது" என்று கடந்துபோய்விட்டார். அவர் மேல் தவறில்லை, திரை அப்படித்தான் சொன்னது. இப்போது அந்த இரண்டு நிலைகளுக்கும் இரண்டு வேறு திரைகள்.

தரவைக் கொடுக்கும் பக்கத்திலும் சிறிது காலம் வேலை செய்தேன். அங்கே எனக்குப் பயம் தந்தது, வெளியிலிருந்து வரும் வினவலின் துண்டுகளை அப்படியே எஸ்க்யூலைட்டுக்குள் ஊற்றுவது. நெடுவரிசைப் பட்டியலும் நிபந்தனையும் வெறும் எழுத்துச் சரங்கள்தான். அவற்றுக்குள் இன்னொரு வினவலை நுழைத்து, பகிர நினைக்காத அட்டவணையைப் படிக்க முடியும். நிரலைச் சரிபார்க்கும்போது நானே அப்படி ஒன்றை எழுதிப் பார்த்தேன். நுழைவுச் சாவிகள் இருந்த அட்டவணை திரையில் வந்து நின்றது. நல்லவேளை, அது வெளியே போகும் முன்பே தெரிந்தது. அனுமதிக்கும் நெடுவரிசைகளை ஒரு வரைபடமாக வைத்து, வினவல் கட்டமைப்பானைக் கண்டிப்பு முறையில் ஓட்டினோம். மதிப்புகளை நிபந்தனைக்குள் எழுதாமல் அங்கே கேள்விக்குறி மட்டும் வைத்து, மதிப்புகள் எல்லாம் அந்தக் கேள்விக்குறிகளுக்கு எதிரே தனியாக வர வேண்டும் என்றோம். புரொவைடர் வெளியாருக்குத் திறந்ததா என்பதை மேனிஃபெஸ்டில் வெளிப்படையாக எழுதினோம். ஆண்ட்ராய்டு 4.2-க்கு முன்பு எழுதாவிட்டால் திறந்ததாகவே கொள்ளப்பட்டது. அந்தக் காலத்து நிரல்களைத் தொட நேர்ந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஒரே கையொப்பச் சாவியால் கையொப்பமிட்ட செயலிகளுக்கு மட்டும் கிடைக்கும் அனுமதியையும் அதன் மேல் வைத்தோம்.

அங்கே இன்னொன்றும் திருத்தினோம். தரவு மாறியது என்று புரொவைடர் அறிவித்தால் காட்டும் செயலி மறுபடி படிக்கும். ஒத்திசைவில் ஐந்நூறு பதிவுகள் வந்தால் ஐந்நூறு அறிவிப்புகள் போயின, காட்டும் செயலி ஐந்நூறு முறை படிக்க ஓடியது. மொத்தமாகச் செருகும் முறையின் இயல்பான வடிவம் உள்ளுக்குள் ஒவ்வொன்றாகத்தான் செருகுகிறது. அதை நாமே மாற்றி எழுதி, ஒரே பரிவர்த்தனையில் அடைத்து, முடிவில் ஒரே ஓர் அறிவிப்பு கொடுத்தோம். வாங்கும் பக்கத்திலும் அறிவிப்பு வந்தவுடன் ஓடாமல், சிறிது நேரம் அமைதியாக இருந்த பிறகே படிக்குமாறு வைத்தோம்.

கர்சரை மூடுவது பற்றித் தனியாகச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் எங்கள் நிரலில் மூடாமல் விட்ட இடங்கள் இருந்தன. எல்லாமே நடுவில் விதிவிலக்கு வந்து வெளியேறும் பாதைகள். நிரலின் தவறான பழக்கங்களைக் காட்டிக்கொடுக்கும் ஆண்ட்ராய்டு கருவியான ஸ்ட்ரிக்ட்மோடில் மூடப்படாத பொருள்களைக் கண்டுபிடிக்கும் வசதியை உருவாக்கப் பதிப்பில் இயக்கியதும் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கர்சரைத் தொடும் நிரல் இப்போது ஒரே ஒரு கோப்பில்தான் இருக்கிறது. அதற்கு வெளியே கர்சர் என்ற வகை எங்கும் தெரியக் கூடாது என்று விதி செய்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைக் கெடுபிடி என்று நினைப்பதுண்டு. அந்தக் கொலை வரியைக் காட்டிய பிறகு யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஒரு சோதனை செய்கிறோம். பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, கைபேசியின் அமைப்புகளில் போய்ப் பதிவுச் செயலியைக் கட்டாயமாக நிறுத்துவோம். திரும்பி வரும்போது பட்டியல் அப்படியே இருக்க வேண்டும். உருட்டினால் நகர வேண்டும். பிறகு அந்தச் செயலியை முழுவதும் நீக்கிவிட்டுப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துவோம். திரையின் மேலே கடைசியாகப் படித்த நேரமும், அதன் கீழே "பதிவுச் செயலியை அணுக முடியவில்லை" என்ற வரியும் வர வேண்டும். பழைய பட்டியல் சற்று மங்கிய நிறத்தில், ஒரு பதிவும் குறையாமல் அங்கேயே இருக்க வேண்டும்.